இரண்டு அணுக்களைப் பின்னிய வரலாறு



எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அணுவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். “ஐயா, ரெண்டு அணுவும் ஒன்றை ஒன்று தொடவே இல்லையென்றால், பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?” அன்று நாங்கள் சொன்ன விடை அரைகுறையானது. அதற்குள் மணியும் அடித்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வியை எளிதாக எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள பல ஆய்வுக்கூடங்கள் கால் நூற்றாண்டுக் காலமாக அதே கேள்விக்குத்தான் செய்முறையில் விடை தேடி வந்திருக்கின்றன. அந்த வரலாற்றை இன்று நாம் சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கணினித் துறையில் ‘வாயில்’ என்று ஒன்று உண்டு. இரண்டு செய்திகள் உள்ளே சென்று, ஒன்றின் நிலையைப் பொறுத்து மற்றது மாறி வெளியே வரும் இடமே வாயில். நம் வீட்டுக் கணினியில் இந்தச் செய்திகள் 0 அல்லது 1 என்ற இரண்டில் ஒன்றாக மட்டுமே இருக்கும். குவாண்டம் கணினியில் செய்தியைத் தாங்கும் பொருளுக்குக் கியூபிட் என்று பெயர். அது 0, 1 ஆகிய இரண்டும் கலந்த நிலையிலும் இருக்கவல்லது. ருபீடியம் என்னும் உலோகத்தின் ஓர் அணுவையே கியூபிட்டாகக் கொள்ளலாம். அதன் மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலை நெருக்கமான இரண்டு படிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரு படியை 0 என்றும், அடுத்ததை 1 என்றும் பெயரிட்டுக்கொண்டால் போதும்.

தனி ஓர் அணுவை 0-இலிருந்து 1-க்கு மாற்றுவது பெரிய காரியமன்று. கடினம் வருவது இரண்டு அணுக்களைச் சேர்க்கும்போதுதான். குவாண்டம் வாயில் வழியாக இரண்டு கியூபிட்டுகள் சென்றால், அவை ‘பின்னப்பட்ட’ நிலையில் வெளிவரக்கூடும். 1935-ஆம் ஆண்டில் ஷ்ரோடிங்கர் என்னும் ஆஸ்திரிய அறிஞர் இந்த நிலைக்குப் பெயர் சூட்டினார். தலைமுடியைப் பின்னிய பிறகு ஒரு புரியை மட்டும் சுட்டிக் காட்டி, “இதன் போக்கு தனியே இப்படித்தான்” என்று நாம் சொல்ல முடியாதல்லவா? அதுபோலப் பின்னப்பட்ட இரண்டு அணுக்களில் ஒன்றின் நிலையை மட்டும் தனித்துக் கூற இயலாது. இரண்டையும் சேர்த்தே கூறவேண்டும். இந்தப் பின்னல் இல்லாவிட்டால் குவாண்டம் கணினிக்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை.

இனி, பின்னுவதற்கு எந்த அணுவை எடுத்துக்கொள்வது? மின்னூட்டம் உள்ள அணுவுக்கு அயனி என்று பெயர். அயனிகள் ஒன்றையொன்று தொலைவிலிருந்தே தள்ளும். ஆகவே ஒன்றின் அசைவு மற்றதற்குத் தானாகவே தெரிந்துவிடும். 1995-ஆம் ஆண்டில் சிராக், சோலர் என்னும் இருவர் அயனி வாயிலுக்கு ஒரு திட்டம் தந்தனர். அதே ஆண்டில் அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனத்தில் ஒரே அயனியைக் கொண்டு அதன் முதற்படி செய்துகாட்டப்பட்டது. ஆனால் தள்ளிக்கொள்ளும் குணமே அயனிகளுக்கு இடையூறும் ஆயிற்று. எண்ணிக்கை கூடக்கூட அவற்றைக் கட்டுக்குள் வைப்பது கடினமாகிவிடும்.

மின்னூட்டமற்ற அணுக்கள், அதாவது நடுநிலை அணுக்கள், இதற்கு நேர்மாறானவை. நூற்றுக்கணக்கில் அருகருகே வைத்தாலும் சண்டையிடாமல் இருக்கும். எவ்வளவு அமைதி என்றால், சில மைக்ரோமீட்டர் தூரத்தில் இன்னொன்று இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எண்ணிக்கைக்கு உதவும் அந்த அமைதியே பின்னலுக்குப் பகையாக நின்றது. அந்த மாணவி கேட்ட கேள்வியின் இடம் இதுவே.

அணுவைப் பிடித்து வைக்கும் கலை இதற்குள் வளர்ந்துவிட்டிருந்தது. 1986-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஆஷ்கின், ஸ்டீவன் சூ முதலியோர் குவித்த லேசர் ஒளியின் முனையில் சோடியம் அணுக்களைப் பிடித்துக் காட்டினர். ஒளியால் ஆன இந்தக் கருவிக்கு ‘ஒளி இடுக்கி’ என்று பெயர். ஆஷ்கினுக்கு இதற்காக நோபல் பரிசு கிடைத்தது 2018-இல். அப்போது அவருக்கு வயது 96. 2001-ஆம் ஆண்டில் பாரிஸ் அருகே ஓர்சேயில் கிரான்ஜியே குழுவினர், ஓர் இடுக்கியில் ஒன்றுக்கு மேல் தங்காதபடி தனி அணுவைப் பிடிக்கக் கண்டுகொண்டனர்.

இரண்டு அணுக்களையும் மெல்ல நகர்த்தி ஒன்றோடொன்று உரசவைத்துப் பின்னலாம் என்று 1999-இல் சில திட்டங்கள் வந்தன. 2003-இல் மியூனிக் நகரில் அந்த வழி பல அணுக்களைக் கொண்டு செய்தும் காட்டப்பட்டது. ஆனால் அது அணுக்களைத் தொடவைக்கும் வழி. தொடாமலே பின்னும் வழி 2000-ஆம் ஆண்டில் பிறந்தது. யாக்ஷ், சிராக், சோலர், ரோல்ஸ்டன், கோத்தே, லூக்கின் ஆகிய அறுவர் சேர்ந்து எழுதிய சிறு கட்டுரை அது. அதன் தலைப்பைத் தமிழில் ‘நடுநிலை அணுக்களுக்கு விரைவான குவாண்டம் வாயில்கள்’ என்று சொல்லலாம்.

அவர்கள் துணைக்கு அழைத்தது பழைய ஒரு பெயரை. 1888-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகத்தில் யோகனஸ் ரிட்பர்க் என்பவர், தனிமங்கள் வெளிவிடும் ஒளிக் கோடுகளின் ஒழுங்கை ஒரே வாய்பாட்டில் அடக்கினார். அந்தக் கோடுகள் ஏன் அப்படி அமைகின்றன என்று அவர் காலத்தில் விளங்கவில்லை. 1913-இல் நீல்ஸ் போர் வந்து, எலெக்ட்ரான் படிப்படியாக உள்ள ஆற்றல் நிலைகளில்தான் இருக்கும் என்று கூறியபோது பொருள் விளங்கிற்று. மிக உயர்ந்த படியில் எலெக்ட்ரான் ஏறி நிற்கும் அணுவை இன்று ரிட்பர்க் அணு என்கிறோம். படியின் எண் இருமடங்கானால் அணுவின் அளவு நான்கு மடங்காகும். 70-ஆம் படியில் நிற்கும் அணு, முதற்படியில் உள்ள ஹைட்ரஜன் அணுவைப்போல் 4,900 மடங்கு அகன்று, கால் மைக்ரோமீட்டர் ஆரம் உடையதாகிவிடும். சாதாரண அணுவோடு ஒப்பிட்டால் இது பூதம்தான்!

அளவு பெருகும்போது அண்டை அணுமீது அது செலுத்தும் விசை அதைவிட மிக வேகமாகப் பெருகுகிறது. 10 மைக்ரோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு ருபீடியம் அணுக்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 100-ஆம் படி வரை ஏறினால், அவற்றிடையே உள்ள விசை முன்பு இருந்ததைப்போல் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி மடங்காகும். ஊமையாய் இருந்த அணு, லேசர் பட்டவுடன் ஊரைக் கூட்டும் குரலெடுத்துப் பேசுகிறது. இறங்கியதும் மீண்டும் ஊமை. தேவையானபோது மட்டும் பேச வைக்கலாம் என்பதே இதன் அருமை.

இந்தக் குரலால் விளைவது என்ன? பெரிய மரத்தின் நிழலில் இன்னொரு கன்று எழும்பாததைத் தோட்டத்தில் நாம் பார்த்திருக்கிறோம். அவ்வாறே, ஓர் அணு ரிட்பர்க் படியில் நிற்கும்போது அருகில் உள்ள அணுவின் படிகள் இடம் பெயர்ந்துவிடுகின்றன. முன்பு அதை ஏற்றிய அதே நிற லேசர் இப்போது அதை ஏற்றாது. இதற்கு ரிட்பர்க் தடை என்று பெயர். இரண்டில் ஒன்றுதான் ஏறலாம். இரண்டும் சேர்ந்து ஏற முடியாது.

இனி வாயிலுக்கு வருவோம். இந்த இடத்தில் நேயர்கள் ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டால் நல்லது. இரண்டு விதிகளை மனத்தில் கொள்ளவேண்டும். முதலாவது, லேசர் ஒளி 1 நிலையில் உள்ள அணுவை மட்டுமே ரிட்பர்க் படிக்கு ஏற்றும். 0 நிலையில் உள்ள அணு அதைக் கண்டுகொள்ளாது. இரண்டாவது, ஏறி இறங்கி ஒரு முழுச் சுற்று முடித்த அணு பழைய நிலைக்கே திரும்பினாலும், அதற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி ஒட்டிக்கொள்ளும். இது வியப்பாகத் தோன்றலாம். உள்ளங்கையில் ஒரு தட்டை ஏந்தி, அது கவிழாமல் கைக்குக் கீழாக ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். தட்டு பழைய திசையில் இருக்கும், ஆனால் கை முறுக்கிக்கொண்டு நிற்கும். இன்னொரு சுற்று சுற்றினால்தான் முறுக்கு அவிழும். குவாண்டம் உலகின் கழித்தல் குறி ஏறக்குறைய இந்த முறுக்கைப் போன்றது.

2000-ஆம் ஆண்டுத் திட்டத்தில் மூன்றே அடிகள். முதல் அணுவை ஏற்றுக. இரண்டாம் அணுவை ஏற்றி இறக்குக. முதல் அணுவை இறக்குக. இரண்டும் 0 என்றால் எதுவும் நடப்பதில்லை. குறி கூட்டலாகவே இருக்கும். ஒன்று மட்டும் 1 என்றால், அது மட்டும் சுற்றி வந்து ஒரு கழித்தல் பெறும். இரண்டும் 1 ஆக இருந்தால்? தடை இல்லாத உலகில் இரண்டும் சுற்றி, இரண்டு கழித்தல் குறிகள் கிடைத்திருக்கும். கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் கூட்டல் என்பதை எங்கள் மாணவர்களும் அறிவர். ஆனால் இங்கே முதல் அணு மேலே நிற்பதால் இரண்டாம் அணு ஏற முடியவில்லை. ஆகவே கிடைப்பது ஒரே ஒரு கழித்தல். வரவேண்டிய கூட்டலுக்குப் பதிலாகக் கழித்தல் வந்துவிடுகிறது. அந்த ஒரு குறியில்தான் பின்னல் முழுவதும் இருக்கிறது.

நடந்தது எதுவோ அதைவிட, நடக்காமற்போன ஒன்றே இங்கு வேலை செய்கிறது என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். இரண்டாம் அணு ஏறவில்லை. ஏறாததால் குறி மாறவில்லை. பக்கத்தில் ஒன்று இருப்பது அதற்குத் தெரிந்தது இப்படித்தான். மாணவியின் கேள்விக்கு அன்றே இதைச் சொல்லியிருக்கலாம் என்று பின்னர் நாங்கள் வருந்தியதுண்டு.

தாளில் இது அப்பழுக்கற்ற திட்டம். ஆனால் செய்து காட்டப் பத்து ஆண்டுகள் ஆயின. 2009-இல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் தடையைக் கண்ணால் கண்டதாக அறிவித்தன. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சாஃப்மன், வாக்கர் ஆகியோரின் குழு 10 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளியில் தடை வேலை செய்வதைக் காட்டியது. பாரிஸ் அருகே பிரோவேஸ், கிரான்ஜியே ஆகியோரின் குழு 4 மைக்ரோமீட்டர் இடைவெளியில் காட்டியது.

பிரெஞ்சுக் குழு கண்ட ஒரு செய்தியை நாம் தனியே குறித்துக்கொள்ள வேண்டும்; பின்னால் அது தேவைப்படும். இரண்டு அணுக்கள்மீதும் ஒரே ஒளியை ஒரே நேரத்தில் பாய்ச்சினால், ஏறுவது ஒன்றுதான். ஆனால் எது ஏறிற்று என்று சொல்ல முடியாது. இரண்டும் அந்த ஏற்றத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அப்படிப் பங்கிட்ட இணை, தனி அணுவைவிட வேகமாக ஏறி இறங்குகிறது. எத்தனை மடங்கு? 2-இன் வர்க்கமூலம், அஃதாவது 1.414 மடங்கு என்பது கணக்கு. அவர்கள் அளந்தது 1.38. கணக்குக்கு மிக நெருக்கம். அன்று அந்த எண், தடை உண்மையிலேயே இருக்கிறது என்பதற்கு ஒரு சான்றாக மட்டுமே பார்க்கப்பட்டது.

2010-இல் அதே இரு குழுக்களும் இரண்டு அணுக்களைப் பின்னியும் காட்டின. விஸ்கான்சின் குழு முழுமையான வாயிலையே இயக்கிற்று. கிடைத்த பின்னல், எதிர்பார்த்த பின்னலோடு எவ்வளவு ஒத்துள்ளது என்பதற்கு 100-க்கு இத்தனை என்று மதிப்பெண் இடும் முறை உண்டு. 50-ஐத் தாண்டினால்தான் பின்னல் உண்டு என்றே சொல்லலாம். விஸ்கான்சினில் நேரடியாகக் கிடைத்தது 48. இடையில் தப்பி ஓடிய அணுக்களைக் கணக்கிலிருந்து நீக்கிப் பார்த்தால் 58. பாரிஸில் அவ்வாறு நீக்கிய பின் 75. அயனிகளோ 2008-ஆம் ஆண்டிலேயே இன்ஸ்புருக் நகரில் 99.3 பெற்றுவிட்டன. பிழைகளைத் தாமே திருத்திக்கொள்ளும் குவாண்டம் கணினி அமைக்க, வாயில் ஏறத்தாழ 99-ஐத் தாண்டியாகவேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு.

ஆண்டுதோறும் விடைத்தாள் திருத்தும் எங்களுக்கு 48 என்ற எண் நன்கு பழக்கமானது. அதைத் தொட்டுத் தடவி 50 ஆக்கித் தரும்படி கேட்பவர்களும் உண்டு. அந்த ஆய்வாளர்கள் 48-ஐயும் எழுதினார்கள். எதை நீக்கி 58 பெற்றார்கள் என்பதையும் எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள் குறை எங்கே என்று தேடுவதற்கு அந்த எண்களே வழிகாட்டின. எங்கள் கணிப்பில் இந்த வரலாற்றின் மதிக்கத்தக்க பக்கங்களில் அதுவும் ஒன்று.

குறை எங்கே இருந்தது? தேடத்தேடப் பல கிடைத்தன. அணுக்கள் போதிய அளவு குளிரவில்லை. முழுச் சுழி வெப்பநிலைக்கு மேல் ஒரு பாகையில் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு அளவே வெப்பம் இருந்தது என்றாலும், அதுவே அணுவை வினாடிக்குப் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் அலைய வைக்கப் போதுமானது. அலையும் அணுவுக்கு லேசரின் நிறம் சற்று மாறித் தெரியும். அடுத்து, ருபீடியத்தை ரிட்பர்க் படிக்கு இரண்டு லேசர்களால் இரண்டு தாவலாக ஏற்றுவது வழக்கம். நடுவில் உள்ள படியில் சில அணுக்கள் வழுக்கி விழுந்தன. இன்னொன்று, முதல் அணு மேலேயே காத்திருக்க வேண்டியிருந்தது. ரிட்பர்க் படி நிலையான இருக்கையன்று. நூறு மைக்ரோ வினாடி அளவே ஆயுள் உள்ளது. மேலும், ஒரே அணுவின்மீது ஒளியைக் கூர்மையாகப் பாய்ச்சவேண்டும்; பக்கத்து அணுவில் சிறிதும் சிதறக்கூடாது. எட்டு மைக்ரோமீட்டர் தூரத்தில் இது எத்தகைய கைத்திறனைக் கேட்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் கடைசியாகப் பிடிபட்ட குற்றவாளி லேசரேதான். 2018-இல் பாரிஸ் குழுவினர் பிழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, லேசர் ஒளியின் அலையில் உள்ள நுண்ணிய நடுக்கத்துக்கும் பெரும்பங்கு உண்டு என்று காட்டினர். அதுவரை அணுவின்மேல் போட்ட பழியில் ஒரு பகுதி ஒளியின்மேல் போடவேண்டியது! அதே ஆண்டில் ஹார்வர்டில் லூக்கின் குழுவினர், இரண்டு கண்ணாடிகளுக்கிடையே ஒளியைப் பலமுறை ஓடவிட்டு வடிகட்டி, அந்த நடுக்கத்தைக் குறைத்தனர். இரண்டு அணுக்களின் பின்னல் 97-க்கு உயர்ந்தது. எட்டு ஆண்டுகளில் வந்த பெரிய தாவல் அது.

இதற்கிடையே 2016-இல் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுவோம். ஒளி இடுக்கிகளை வரிசையாக அமைத்தால் அவற்றில் ஏறத்தாழப் பாதியில்தான் அணு விழும். மீதி காலியாக இருக்கும். எவை நிறையும் எவை காலி என்பது முன்கூட்டித் தெரியாது. ரப்பர் கன்று நட்ட நிரையில் பட்டுப்போன இடங்களைப் பார்த்து, வேறிடத்துக் கன்றைப் பெயர்த்து நடுவதில்லையா? பாரிஸிலும் ஹார்வர்டிலும் அதையே செய்தார்கள். படம் எடுத்து, காலி இடங்களைக் கணினி கண்டறிந்து, நகரும் இடுக்கியால் அணுக்களைத் தூக்கி வைத்து நிரையை நிரப்பினர். சுமார் 50 அணுக்கள் குறையில்லாமல் வரிசையில் நின்றன. நடுநிலை அணுக்களின்மேல் பலருக்கு மீண்டும் நம்பிக்கை பிறந்தது இந்தக் கட்டத்தில்தான் என்பது எங்கள் எண்ணம். வாயில் நன்றாக அமைந்தால் அதைக் கடக்க ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டதே!

2019-இல் வாயிலின் வடிவமே மாறியது. ஹார்வர்டில் லெவைன், பிக்லர் முதலியோர் 2000-ஆம் ஆண்டின் மூன்றடித் திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கேள்வி கேட்டார்கள். ஒவ்வோர் அணுவையும் தனித்தனியே குறிபார்க்க வேண்டுமா? இரண்டின்மீதும் ஒரே ஒளியைச் சேர்த்தே பாய்ச்சினால் என்ன? இங்கேதான் 2009-இல் பிரெஞ்சுக் குழு கண்ட 1.414 திரும்ப வருகிறது.

ஒளி இரண்டின்மீதும் விழட்டும். இரண்டும் 0 என்றால் ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் 1 என்றால், அது தன் இயல்பான வேகத்தில் ஏறி இறங்கும். இரண்டும் 1 என்றால், தடையின் காரணமாக இணை 1.414 மடங்கு வேகத்தில் ஏறி இறங்கும். லேசரின் நிறத்தைச் சற்றே விலக்கி வைத்துவிட்டு, இணை சரியாக ஒரு முழு வட்டம் முடிக்கும் நேரம் வரை ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். இணை வீடு திரும்பிவிட்டது. தனி அணுவோ வேகம் குறைந்தது. பாதி வழியில் நிற்கிறது. இப்படியே விட்டால் வாயில் கெட்டுவிடும். ஆகவே ஒளி அலையின் தொடக்கத்தை ஒரு குறித்த அளவு தள்ளி வைத்து, அதே நீளத்துக்கு இரண்டாம் முறை பாய்ச்சுகிறார்கள். தள்ளிவைத்ததால் தனி அணு செல்லவேண்டிய வட்டம் திசை திரும்புகிறது; இந்த இரண்டாம் வட்டத்தில் அது சரியாகப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. இணை இன்னொரு முழு வட்டம் முடித்து அதுவும் வீடு சேர்கிறது.

எல்லாரும் வீடு திரும்பிவிட்டால் என்ன மாறியது என்று கேட்கலாம். அவரவர் சுற்றிய வட்டத்துக்கு ஏற்ப முறுக்கு ஏறியிருக்கிறது. நிறத்தை எவ்வளவு விலக்குவது என்பதைக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுத்தால், இணைக்கு ஏறிய முறுக்கு, தனித்தனி முறுக்குகள் இரண்டின் கூட்டுத்தொகையிலிருந்து சரியாக 180 பாகை வேறுபடும். 180 பாகை என்பதே கழித்தல் குறி. மூன்றடித் திட்டத்தில் கிடைத்த அதே கழித்தல், தனித்துக் குறிபார்க்காமலே கிடைத்துவிட்டது. ஐந்து இணைகளில் ஒரே நேரத்தில் இதைச் செய்து 97.4 பெற்றனர்.

இந்த மாற்றத்தின் அருமை கைத்திறனைக் கேட்கும் அளவு குறைந்ததுதான். கூரிய ஒளிக்குப் பதில் அகன்ற, சமமான ஒளி போதும். ஓர் அணு மேலே காத்துக்கிடக்க மற்றது சுற்றிவரும் நிலையும் இல்லை. பழைய திட்டம் தவறு என்று நாம் சொல்லிவிடக் கூடாது. அது இல்லாமல் தடையைத் தேடியிருக்கவே மாட்டார்கள். ஆனால் அது செய்பவரிடம் அதிகம் எதிர்பார்த்தது.

கடைசிப் படிக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. இரண்டு துண்டாக ஒளியைப் பாய்ச்சி நடுவில் திடீரென்று தள்ளுவதற்குப் பதிலாக, ஒரே பாய்ச்சலில் அலையை மெல்ல மெல்ல வளைத்தால் என்ன என்று பிரான்ஸ் நாட்டு ஸ்ட்ராஸ்பூர்க் நகரின் யாண்டுரா, புபில்லோ ஆகிய இருவர் 2022-இல் கணக்கிட்டனர். தடை முழுமையாக இருக்கும்போது இதைவிடக் குறைந்த நேரத்தில் வாயிலை முடிக்கும் வடிவத்தைக் கணினியைக் கொண்டு தேடிக் கண்டனர். முந்தியதைவிட ஏறக்குறைய 10 விழுக்காடு நேரம் மிச்சம். நேரம் குறைந்தால் ரிட்பர்க் படியிலிருந்து நழுவும் வாய்ப்பும் குறையும். 2023-இல் ஹார்வர்டில் இந்த மென்மையான வடிவத்தைப் பயன்படுத்தி, 60 அணுக்கள் வரை ஒரே நேரத்தில் இணை இணையாகப் பின்னினர். மதிப்பெண் 99.5. இருநூறு முறை வாயிலைக் கடந்தால் ஒருமுறை பிழைக்கும். 99 என்ற எல்லை தாண்டப்பட்டது.

அதே ஆண்டு டிசம்பரில், 280 அணுக்கள் வரை கொண்ட கருவியில், பல அணுக்களைச் சேர்த்து ஒரே கியூபிட்டாகக் காக்கும் முறையில் 48 காக்கப்பட்ட கியூபிட்டுகளை இயக்கிக் காட்டினர். பிழையை வேறொரு வகையில் அணுகியவர்களும் உண்டு. 2022-இல் பிரின்ஸ்டனின் தாம்சன் முதலியோர், பிழையை ஒழிப்பதோடு, அது நடந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும்படி அணுவின் படிகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்றனர். அதற்கு இட்டர்பியம் என்னும் தனிமத்தைக் கொண்டனர். வகுப்பில் எந்தக் கணக்கு தவறு என்று தெரிந்துவிட்டால் திருத்துவது எளிதல்லவா? 2023-இல் இட்டர்பியத்திலும் ஸ்ட்ரான்சியத்திலும் இது செய்து காட்டப்பட்டது.

எண்ணிக்கையின் பக்கம் பார்த்தால், கலிபோர்னியாவில் கால்டெக் நிறுவனத்தார் ஒளி இடுக்கிகளில் 6,100 சீசியம் அணுக்களைப் பிடித்து நிறுத்திய செய்தி 2025-இல் வெளியாயிற்று. அந்த ஆய்வில் அணுக்களைப் பிடித்தார்கள், படம் எடுத்தார்கள், கலைக்காமல் நகர்த்தியும் பார்த்தார்கள். ஆனால் அவற்றுக்கிடையே பின்னும் வாயிலை அவர்கள் அதில் இயக்கவில்லை. அத்தனை அணுக்கள்மீதும் ஒரே சீராக விழும் ஒளியைச் செய்வது தனி வேலை. ஒளியின் வலிமை ஒரு மூலையில் சற்றுக் குறைந்தாலும் அங்குள்ள அணுக்கள் வட்டத்தை முடிக்காமல் பாதி வழியில் நின்றுவிடும்.

அந்த மாணவி இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். சென்ற விடுமுறையில் பள்ளிப் பக்கம் வந்தபோது, நின்றுபோன விடையை முடித்துக் கொடுத்தோம். தட்டைக் கையில் கொடுத்துச் சுற்றச் சொன்னோம். ஒரு சுற்று சுற்றி, கை முறுக்கிய நிலையிலேயே நின்றுகொண்டு, “அப்போ மூன்று அணு இருந்தால், ஐயா?” என்று கேட்டாள். மூன்று அணுக்களுக்கான வாயிலும் 2019-இல் ஹார்வர்டில் செய்யப்பட்டது என்று சொன்னோம். அதன் விவரத்தை வேறொரு பேச்சில் பார்ப்போம்.